மேப்பில் இருக்கும் கடைகளை எப்படித் திரட்டுவது? பினாங்கிலிருந்து ஓர் ஒப்பீடு

தப்பாவ் பெட்டி, அதாவது பார்சல் சாப்பாட்டுப் பெட்டி, விற்பவனுக்குக் கடைப் பட்டியல்தான் முதல். பெட்டியெல்லாம் அப்புறம்தான்.

பினாங்கின் பிறை நகரில் ஒரு சின்னக் கிடங்கை வைத்துக்கொண்டு காகிதப் பெட்டி, குழம்புக்கு மூடி போட்ட கிண்ணம், கடைப் பெயர் அச்சடித்த பை என்று விற்றுவருகிறேன். வாங்குபவர்கள் நாசி கண்டார் (சோறும் கறிகளும்) கடைக்காரர்கள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள், கல்யாணத்துக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள். பல வருடமாக ஒரு வாடிக்கையாளர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி வந்த வியாபாரம்தான். ஒரே மாதத்தில் மூன்று பெரிய வாடிக்கை கைவிட்டுப் போனபோதுதான், தெரியாத கடைகளின் கதவைத் தட்ட வேண்டிய நிலை வந்தது.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: “கூகுள் மேப்ல எல்லாம் இருக்கே, எடுத்துக்க வேண்டியதுதானே!” எடுத்துக்கொள்வதற்கு ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, உழைப்பு வேறு, விதிமுறை வேறு. பெரும்பாலானவற்றை நானே செய்து பார்த்துவிட்டேன். நீங்கள் விற்பது ஏர்கான் சர்வீஸாக இருக்கலாம், மசாலாத் தூளாக இருக்கலாம், கணக்கு எழுதும் வேலையாகவும் இருக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

வழிகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் எத்தனை கடைக்கு உங்களால் உண்மையிலேயே போன் போட முடியும், அல்லது நேரில் போக முடியும்? எனக்கும் என் உதவியாளருக்கும் சேர்த்து நாற்பது. லாரி ஓட வேண்டும், சரக்கு இறக்க வேண்டும், பாக்கி வசூலிக்க வேண்டும். மிச்சமுள்ள நேரத்தில் நாற்பதே அதிகம். வாரம் நாற்பது என்றால் மூவாயிரம் வரியுள்ள பட்டியலை முடிக்க ஒன்றரை வருடம் ஆகும். அதற்குள் பட்டியலில் பாதி நாறிவிடும். சாப்பாட்டுக் கடை நிலவரம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். இன்று திறந்த கடை அடுத்த தீபாவளிக்குள் கைமாறியிருக்கும். பெயர்ப்பலகை மட்டும் பழையதாகத் தொங்கும்.

கையால் எழுதுவது

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் என் அளவுக்கு வியாபாரம் செய்பவர்களுக்கு இதுதான் முதல் வழி என்று இப்போது நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூகுள் மேப்ஸைத் திறந்து ‘நாசி கண்டார் பட்டர்வொர்த்’ என்று தேடுகிறீர்கள். இடது பக்கம் கடைகள் வரிசையாக வரும். கீழே தள்ளிக்கொண்டே போனால் சுமார் 120 கடைகளோடு பட்டியல் முடிந்துவிடும். ஊரில் அவ்வளவுதான் கடை என்று அர்த்தமில்லை. ஒரு தேடலுக்கு அது காட்டுவது அவ்வளவுதான். அதனால் மேப்பை நெருக்கி, ஒவ்வொரு வட்டாரமாகத் தேட வேண்டும். சொல்லையும் மாற்றிப் போட வேண்டும். ‘ரெஸ்டோரான்’ என்று தேடினால் வரும் கடை ‘கறி ஹவுஸ்’ என்று தேடினால் வராது. ‘கெடாய் மாக்கான்’, ‘பனானா லீஃப்’, ‘கேட்டரிங்’ எல்லாம் தனித்தனியாகத் தேட வேண்டியவை. நம் ஆட்கள் சிலர் கடைப் பெயரைத் தமிழிலேயே போட்டிருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் ‘உணவகம்’ என்று ஒருமுறை தேடிப் பாருங்கள், வேறெதிலும் சிக்காத இரண்டு மூன்று கடை வரும்.

எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ நான் வைத்திருக்கும் பத்திகள்: கடைப் பெயர், தெரு, அஞ்சல் குறியீடு, தொலைபேசி, மேப் இணைப்பு, பார்த்த தேதி, குறிப்பு. மேப் இணைப்பைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். கடை பெயரை மாற்றினாலும் பெரும்பாலும் அந்த இணைப்பு அதே கடைக்குத்தான் போகும்.

ஒரு கடைக்கு ஒன்றரை நிமிடம், சில நேரம் இரண்டு நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் முப்பது கடை. அதாவது என் ஒரு வாரத்து வேலைக்கான பட்டியல் ஒன்றேகால் மணி நேரத்தில் கையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை கோப்பியோடு உட்கார்ந்தால் முடிந்தது.

கையால் எழுதுவதில் கிடைக்கும் பெரிய லாபம் வேறு. வாடிக்கையாளர்கள் போட்ட படங்களைப் பார்க்க வேண்டி வருகிறதே, அதுதான். மேசையில் இருக்கும் தப்பாவ் பெட்டி இப்போது என்ன ரகம் என்று படத்திலேயே தெரியும். ஒரு கடைக்காரர் குழம்பை இன்னும் ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொடுக்கிறார் என்று படத்தில் பார்த்துவிட்டுப் போன் போட்டால், பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடுகிறது. “குழம்பு ஊத்துது, பை பிஞ்சிடுச்சு” என்று யாராவது விமர்சனம் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. என்னுடைய மாதிரிக் கிண்ணத்தோடு நேரிலேயே போய்விடுவேன். எந்த மென்பொருளும் இதை ஒரு பத்தியாகக் கொடுப்பதில்லை.

இன்னொன்று கோப்பித்தியாம் எனும் காப்பிக் கடை. மேப்பில் ஒரே பெயராக இருக்கும். உள்ளே ஏழெட்டு ஸ்டால்கள். பெட்டி வாங்குபவர் கோப்பித்தியாம் முதலாளி இல்லை, ஒவ்வொரு ஸ்டால்காரரும் தனித்தனியாக வாங்குகிறார். தானாகத் திரட்டிய பட்டியலில் அது ஒரு வரிதான். படத்தைப் பார்த்தவனுக்கு அது எட்டு வாடிக்கையாளர்.

சுரண்டும் கருவிகள்

ஸ்க்ரேப்பிங் என்று சொல்வார்கள். இரண்டு வகை இருக்கின்றன. குரோம் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சின்ன நீட்டிப்புகள் ஒரு வகை. நீங்கள் திறந்து வைத்திருக்கும் பட்டியலைத் தானே கீழே தள்ளித் தள்ளி, வருவதையெல்லாம் ஒரு கோப்பில் போட்டுக் கொடுக்கும். இன்னொரு வகை, அவுட்ஸ்க்ரேப்பர், அபிஃபை போன்ற இணையச் சேவைகள். சொல்லையும் ஊரையும் கொடுத்துவிட்டால் அவர்கள் கணினியிலேயே வேலை நடக்கும். ஊரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் தேடுவதால் அந்த 120 எல்லை பெரிய தடையாக இருக்காது. ஆயிரம் வரிக்குச் சில அமெரிக்க டாலர்தான் கேட்பார்கள். பணத்தை மட்டும் பார்த்தால் மலிவான வழிதான்.

சிலவற்றில் மின்னஞ்சலும் வரும். மேப்பில் மின்னஞ்சல் என்ற பகுதியே கிடையாதே, பிறகு எப்படி? கடையின் இணையதளத்துக்குள் போய் அங்கே கிடக்கும் முகவரியைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். வக்கீல் அலுவலகம், பல் மருத்துவமனை, தொழிற்சாலை என்றால் இது உதவும். நம் வாழையிலைக் கடைக்கு முகநூல் பக்கம் இருந்தாலே பெரிது. எனக்கு அந்தப் பத்தி முக்கால்வாசி காலியாகத்தான் வந்தது.

சரி, என்ன குறை? முதலாவது விதிமுறை. மேப்ஸில் உள்ள தகவலை மொத்தமாக இறக்கிக்கொள்வதைக் கூகுளின் பயன்பாட்டு விதிகள் தடுக்கின்றன. நீட்டிப்பை உங்கள் சொந்தக் கூகுள் கணக்கில் உள்நுழைந்த நிலையில் ஓட்டினால், அந்தக் கணக்குக்கு என்ன நேர்ந்தாலும் பொறுப்பு நீங்கள்தான். ஜிமெயில், கடையின் சொந்த மேப் பக்கம், கூகுள் டிரைவில் உள்ள பில் எல்லாம் அதே கணக்கில் இருக்கிறதா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குப்பை. பழைய முதலாளி பெயரில் ஒரு வரி, புதிய முதலாளி பெயரில் ஒரு வரி. நாசி கண்டார் என்று தேடினால் நாசி கண்டார் பற்றி யாரோ விமர்சனத்தில் எழுதிய ஹோட்டலும் வந்து நிற்கும். புக்கிட் மெர்தாஜாமை நடுவாக வைத்து வட்டம் போட்டால் கெடாவிலுள்ள கூலிம் கடைகளும் உள்ளே வந்துவிடும். நிபோங் தெபாலை நடுவாக வைத்தால் பேராக்கின் பாரிட் புந்தார் வந்துவிடும். எல்லை தாண்டி டெலிவரி செய்யாதவனுக்கு இவை வீண் வரிகள். துடைத்து எடுக்க எனக்கு ஒரு நாள் போனது. ஆக மிச்சப்படுத்திய நேரம் அங்கேயே கரைந்தது.

மூன்றாவதைக் குறை என்று சொல்வதா, என் பலவீனம் என்று சொல்வதா தெரியவில்லை. கையில் மூவாயிரம் எண் இருந்தால், எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பிவிடலாமே என்று விரல் துடிக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூகுளின் முன்வாசல்

ஸ்க்ரேப்பிங் பின்வாசல் என்றால், பிளேசஸ் ஏபிஐ முன்வாசல். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கூகுளிடமே முறைப்படி கேட்டு வாங்கும் வழி. எனக்கு நிரல் தெரியாது. பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் அக்கா மகன்தான் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து செய்து காட்டினான். “கிரெடிட் கார்டு எண் கொடுக்கணும் மாமா, பில் எகிறுனா என்னைக் கேக்காதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் என் அளவுக்கு அது வீண் பயம். முன்பு மாதம் 200 டாலர் சலுகைத் தொகை இருந்தது. 2025 மார்ச் 1 முதல் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வகைக் கோரிக்கைக்கும் இத்தனை இலவசம் என்று மாற்றிவிட்டார்கள். என்ன விவரம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வகை மாறும். நமக்கு வேண்டிய தொலைபேசி எண், இணையதளம், திறந்திருக்கும் நேரம் எல்லாம் மேல்தட்டு வகை. அதற்கு மாதம் 1,000 கோரிக்கை இலவசம். அதைத் தாண்டினால் சொல்லால் தேடும் கோரிக்கைக்கு ஆயிரத்துக்கு 35 டாலர். ஒரு கோரிக்கைக்கு 20 கடை வரை வரும்; அடுத்தடுத்த பக்கம் கேட்டால் ஒரு தேடலுக்கு மொத்தம் 60 வரை.

பினாங்கை 60 கட்டமாகப் பிரித்து, மூன்று சொல்லால் தேடி, ஒவ்வொன்றிலும் மூன்று பக்கம் கேட்டால் 540 கோரிக்கை. இலவச எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. பட்ஜெட் எச்சரிக்கை வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர மீட்டரை நிறுத்தாது. ஒரு நாளைக்கு இத்தனை கோரிக்கைதான் என்று கோட்டாவைக் குறைத்து வைத்தால்தான் தூக்கம் வரும். மூடிய கடைகளைக் கழிப்பதும் இங்கே எளிது. நடக்கிறது, தற்காலிகமாக மூடியது, நிரந்தரமாக மூடியது என்று கடையின் நிலை தனியாகவே வரும்.

இவ்வளவும் நல்ல செய்தி. கெட்ட செய்தி ஒப்பந்தத்தில் இருக்கிறது. பிளேஸ் ஐடி என்ற அடையாளக் குறியை மட்டும் காலவரையின்றிச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். இடத்தின் அகல, நெடுங்கோட்டை 30 நாள் வரை வைத்திருக்கலாம். பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை இறக்கி உங்கள் எக்செல்லில் நிரந்தரமாகப் பூட்டி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. கடைக்குள் வரலாம், எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிற மாதிரி. பட்டியல் திரட்ட வந்தவனுக்கு இது பெரிய இடி. முன்வாசல் வழியாக வந்துவிட்டோம், இனி எல்லாம் சட்டப்படிதான் என்று நினைக்கும் பலர் இந்த இடத்தைப் படிப்பதே இல்லை.

ஆனால் இதற்குள்ளேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. ஐடியை மட்டும் கேட்டுத் தேடும் கோரிக்கைக்குக் காசே கிடையாது. ஆக, ஐடிகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, அந்த வாரம் பேசப் போகும் நாற்பது கடைக்கு மட்டும் விவரத்தைப் புதிதாகக் கேட்டு வாங்கலாம். விதியும் மீறவில்லை, எண்ணும் பழசாகவில்லை. என் அக்கா மகன் இப்படித்தான் அமைத்துக் கொடுத்தான். வாரா வாரம் அவன் தயவு வேண்டியிருக்கிறது என்பது மட்டும்தான் சங்கடம். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இல்லாதவர்கள் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம்.

யாரும் எடுக்கலாம் என்று திறந்து கிடப்பவை

சேமித்து வைக்கவும் உரிமை வேண்டும், காசும் கொடுக்கக் கூடாது என்றால் திறந்த தரவுகள் இருக்கின்றன. 2004இல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எல்லாருக்கும் தெரிந்தது. ஓவர்பாஸ் டர்போ என்ற பக்கத்திலுள்ள விஸார்ட் பெட்டியில் ‘restaurant in Pulau Pinang’ என்று கொடுத்தால் புள்ளிகளாகக் கொட்டும், அப்படியே இறக்கிக்கொள்ளலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும். அதை வைத்து ஒரு தரவுத்தளம் செய்து வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். சொந்தக் கடைக்குள் வைத்துக்கொள்வதில் பிரச்சினை இல்லை.

குறை என்னவென்றால், தன்னார்வலர்கள் வரைந்த மேப் அது. ஜார்ஜ் டவுனின் சந்து பொந்தெல்லாம் அழகாக இருக்கும்; 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர் அல்லவா, வெளியூர்க்காரர்களே வந்து வரைந்திருப்பார்கள். சிம்பாங் அம்பாட் பக்கம் போனால் சாலை இருக்கும், கடை இருக்காது. இருக்கும் கடைகளிலும் தொலைபேசி எண் போட்டவை குறைவு.

இன்னும் இரண்டு இருக்கின்றன. அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் ஆகிய நான்கும் சேர்ந்து 2022 டிசம்பரில் தொடங்கிய ஓவர்சர் மேப்ஸ் ஒன்று. ஃபோர்ஸ்கொயர் 2024 நவம்பரில் திறந்துவிட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இடங்களின் தொகுப்பு இன்னொன்று. ஓவர்சரில் ஒவ்வோர் இடமும் உண்மையில் இருக்கிறதா என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஒரு நம்பிக்கை அளவு கொடுத்திருப்பார்கள். முகநூல் பக்கம் வைத்திருக்கும் சின்னக் கடைகள் அதில் கணிசம் என்பது நமக்குச் சாதகம். ஃபோர்ஸ்கொயரில் தகவல் கடைசியாகப் புதுப்பித்த தேதி தனிப் பத்தியாகவே வரும்; பழசை முதலிலேயே கழித்துவிடலாம். கழிக்கவும் வேண்டும். போகிற இடமெல்லாம் செக்-இன் போட்டுத் திரிந்த காலத்தின் நினைவுச்சின்னங்கள் அதில் நிறையக் கிடக்கின்றன.

கோப்புகள் பெரியவை, எக்செல் மூச்சு முட்டிவிடும். டக்டிபி போன்ற கருவியால் பினாங்குத் துண்டை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். இதற்கும் ஓர் அக்கா மகன் தேவைதான். ஆனால் ஒரே ஒருமுறை தேவை, அது பெரிய வித்தியாசம்.

விலைக்கு வரும் பட்டியல்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ‘மலேசியா எஃப் அண்ட் பி 20,000 கான்டாக்ட்ஸ்’ என்று ஒருவர் விற்றார். 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். முதலில் போட்ட எண் ஜொகூரில் ஒரு டயர் கடை. இரண்டாவது எடுத்தவர், “நீங்க இந்த மாசம் ஆறாவது ஆள்” என்றார். எண்கள் எங்கிருந்து வந்தன, எப்போது வந்தன, இன்னும் எத்தனை பேருக்கு விற்றார்கள், எதற்கும் பதில் கிடையாது. கோப்பு இன்னும் கணினியில் கிடக்கிறது.

எண் கிடைத்த பிறகு

எந்த வழியில் எடுத்தாலும் எக்செல் ஒரு வேலை செய்யும்: எண்ணின் முன்னாலுள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும். அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று முதலிலேயே மாற்றிவிடுங்கள். பினாங்கின் நிலவழி எண் 04இல் தொடங்கி அதன்பின் ஏழு இலக்கம். கோலாலம்பூர் 03, அதன்பின் எட்டு இலக்கம். 01இல் தொடங்கினால் கைப்பேசி. இதை ஏன் பிரிக்க வேண்டும் என்றால், 04 எண்ணை எடுப்பவர் கல்லாவில் நிற்கும் தம்பி. 01 எண்ணை எடுப்பவர் பெரும்பாலும் முதலாளியே.

முதலாளியே என்பதில்தான் சட்டமும் இருக்கிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. நிறுவனத்தின் பொது எண் ஒரு கதை. சின்னக் கடைக்காரர் தன் சொந்தக் கைப்பேசி எண்ணை மேப்பில் போட்டிருப்பது வேறு கதை. அது ஒரு தனி மனிதரை அடையாளம் காட்டும் தரவு. மேப்பில் எல்லாரும் பார்க்கும்படி கிடக்கிறது என்பதால் எதற்கும் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடாது. நேரடி விளம்பரத்துக்குத் தன் தரவைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் சொல்லும் உரிமையைச் சட்டத்தின் 43ஆவது பிரிவு அவருக்குக் கொடுக்கிறது. 2024இல் செய்த திருத்தத்தில், தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் உச்ச அபராதம் மூன்று லட்சம் வெள்ளியிலிருந்து பத்து லட்சம் வெள்ளியாக ஏறியது. என் எக்செல்லில் ‘வேண்டாம் என்றார்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் தேதி விழுந்துவிட்டால் அந்த வரியைத் தொடுவதில்லை. பட்டியலிலிருந்து அழிப்பதும் இல்லை. அழித்தால் அடுத்த முறை மேப்பிலிருந்து மறுபடியும் வந்து நிற்பார்.

மொத்தமாகச் செய்தி அனுப்பும் ஆசை பற்றிச் சொல்கிறேன் என்றேனே. புலனம் என்று நாம் சொல்லும் வாட்ஸ்அப்பின் வணிகக் கொள்கைப்படி, எண்ணைத் தானே கொடுத்து, செய்தி அனுப்பவும் சம்மதித்தவருக்குத்தான் அனுப்ப வேண்டும். தெரியாத எண்ணிலிருந்து வந்த விளம்பரத்தை நாலு பேர் புகார் செய்தால் உங்கள் எண் முடங்கிப்போகலாம். பத்து வருடமாக எல்லா வாடிக்கையாளரின் போனிலும் இருக்கும் எண் அது. பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரிக்கு அப்படித்தான் ஆனது. புது எண்ணை எல்லாருக்கும் சொல்லி முடிக்கவே அவருக்கு இரண்டு மாதம். அதனால் முதலில் குரல். “உங்க கடை படத்தைப் பார்த்தேங்க, ரெண்டு மாதிரி கொண்டுவந்து காட்டட்டுமா?” அவர் சரி என்றால் அப்புறம் வாட்ஸ்அப்பில் படம்.

போன் போடும் நேரமும் முக்கியம். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டுக் கடைக்குப் போன் போடுபவன் திட்டு வாங்கத் தயாராக இருக்க வேண்டும். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை என்றால் வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தையும் விட்டுவிடுங்கள். மூன்று மணி, மூன்றரை மணிதான் நல்ல நேரம்.

யாருக்கு எது

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனை மட்டும் எடுத்தாலே ஒரு வாரத்து வேலை. அங்கே வாடிக்கை தேடுபவர் பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் என்று சிலாங்கூருக்குள்ளும் போக வேண்டியிருக்கும். ‘கோலாலம்பூர்’ என்று தேடினால் அவை ஒழுங்காக வராது. விற்பனைக்கென்று நாலைந்து பேர் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் நான் ஏபிஐ வழியைத்தான் சொல்வேன், ஐடியைச் சேமித்து விவரத்தை அவ்வப்போது கேட்கும் அந்த முறையில். ஸ்க்ரேப்பிங் சேவையை நாலைந்து மாநிலத்தில் விற்பவர்கள் பயன்படுத்துகிறார்கள், எனக்குத் தெரியும். விதி என்ன சொல்கிறது என்று தெரிந்து, அதன் பொறுப்பையும் ஏற்பவர்கள் செய்துகொள்ளட்டும். நான் பரிந்துரைக்க மாட்டேன். இணையதளம் செய்து கொடுப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. அவர்களுக்கு வேண்டியது இணையதளம் என்ற இடம் காலியாக இருக்கும் கடைகள். அதை வடிகட்ட ஓவர்சர் தரவே நல்ல தொடக்கம். ஆனால் தரவில் காலியாக இருப்பதெல்லாம் உண்மையிலும் காலியாக இருக்காது, ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

என்னைப் போல் ஒன்றிரண்டு பேராக ஓடுபவர்களுக்கு: ஓவர்சரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் எலும்புக்கூடு. எந்தத் தெருவில் எத்தனை கடை இருக்கும் என்று அது காட்டிவிடும். அதன்மேல் சதை வைப்பது ஞாயிற்றுக்கிழமைக் கைவேலை. செலவு கோப்பிக் காசு. பட்டியலை அஞ்சல் குறியீட்டால் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். 10, 11 என்று தொடங்கினால் பினாங்குத் தீவு, 12 முதல் 14 வரை பெருநிலம். லாரி பாலத்தைத் தாண்டும் நாளில் தீவுக் கடைகள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

ஜார்ஜ் டவுன் கடைத்தெருவுக்கு மட்டும் பட்டியலே போடுவதில்லை. லெபோ பாசாரில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, லெபோ குயீனில் திரும்பி, 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தால், மேப்பில் இல்லாத கடைகளே நாலைந்து கண்ணில் படும். வடை வண்டிக்காரருக்கு மேப்பில் பக்கம் கிடையாது. வாரத்துக்கு இரண்டு கட்டுப் பை வாங்குகிறார்.

அடுத்த வாரம் நிபோங் தெபால். 14300 என்று வடிகட்டினேன், பதினெட்டுக் கடை வந்தது. அதில் மூன்றுக்கு எண் இல்லை, இரண்டுக்கு எண் இருந்தும் அடித்தால் எடுப்பாரில்லை. அந்த ஐந்தையும் மூன்று மணிக்கு மேல் நேரில் பார்ப்பதாக இருக்கிறேன். மாதிரிக் கிண்ணங்களை லாரியில் ஏற்றிவிட்டேன்.